இராயபுரத்தில் இரண்டு பைபிள்

இராயபுரம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இயேசுவின் சீடர் பீட்டரிடமிருந்து என்பார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை இராயப்பர் என்றார்கள். மீனவர், அதனால் கடற்கரைக்காரர்களுக்கு நெருக்கமானவர். புராட்டஸ்டன்ட்களுக்கோ அவர் பேதுரு. ஒரே ஆள், இரண்டு பெயர்.

பெயர் மட்டுமா? வசனமே மாறும். புராட்டஸ்டன்ட் வீட்டிலிருக்கும் பழைய பைபிளில் யோவானின் முதல் கடிதத்தைத் திறங்கள். ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சி சொல்வதாக இருக்கும். இரு தரப்பும் சேர்ந்து 1995-ல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் தேடுங்கள். காணோம்!

'வேதத்தை வெட்டிட்டாங்கய்யா' என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், லெட்ஜர் இடித்தால் வவுச்சரைப் பார்க்க வேண்டும்.

வவுச்சர் இருப்பது ஐரோப்பாவில். 1516-ல் பாசெல் நகரில் எராஸ்மஸ் என்ற அறிஞர், கையில் கிடைத்த சில கையெழுத்துப் பிரதிகளை வைத்துக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஏக அவசரம். வெளிப்படுத்தின விசேஷத்துக்குக் கிடைத்ததோ ஒரே பிரதி. அதிலும் கடைசி ஏடு இல்லை. மனிதர் அசரவில்லை. லத்தீனிலிருந்து தானே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிவிட்டார்!

நம் வசனம் அவருடைய முதல் இரண்டு பதிப்புகளில் இல்லை. லத்தீன் பைபிளில் இருக்கிறதே என்று எதிர்ப்பு கிளம்பியது. வசனத்தோடு ஒரு கிரேக்கப் பிரதியும் வந்து சேர்ந்தது. 1522-ல், மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த பதிப்புகளே சுமார் முந்நூறு வருடங்களுக்கு மூலமாக நின்றன.

தமிழுக்கு வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1708-ல் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். 1715-ல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அடுத்து, நம் வேப்பேரியில் ஃபப்ரீசியஸ். 1761-ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த அச்சுயந்திரம் அவரிடம் வந்தது; அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வெளியானது. பிறகு ஹென்றி பவர் குழுவின் பைபிள், 1871. அந்தப் பழைய பைபிள் இதுதான்.

இதற்கிடையே 1859-ல் சினாய் மலை மடத்தில், நான்காம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று டிஷென்டார்ஃப் கைக்குக் கிடைத்தது. அதில் அந்த வசனம் இல்லை. கிரேக்கத்தில் அது இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளில்தான், அத்தனையும் பிற்காலத்தவை. பழைய பிரதிகளை ஒப்பிட்டுத் தயாரித்த புதிய கிரேக்கப் பதிப்புகள் அதை நீக்கின. திருவிவிலியம் அவற்றின் வழியில் போனது.

ஆக, யாரும் வெட்டவில்லை. எப்போதோ ஒட்டியதைத்தான் எடுத்திருக்கிறார்கள். பவர் மீதும் குற்றமில்லை. கையில் இருந்த மூலத்துக்கு உண்மையாக இருந்தார்.

அடுத்த முறை யாராவது மொழிபெயர்ப்பு தப்பு என்று சண்டைக்கு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்தப் பதிப்பிலிருந்து?' பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.