துண்டு முறை (மலையகத் தோட்டங்கள்)

துண்டு முறை என்பது, பிரித்தானியர் கால இலங்கையில் ஒரு கங்காணியின் (ஆள் சேர்த்து மேற்பார்த்தவரின்) கீழிருந்த ஆள்களை, அவர்கள் தலைமேல் ஏற்றப்பட்ட கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய வழக்கம். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் பெருகிய காலத்தில் இது மலைநாடெங்கும் நடந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடைசெய்தது. தோட்டத் தொழிலாளர் ஏமாற்றப்பட்ட வழிகளுள் இதுவே மிகப் பெரியது. ஏமாற்று இங்கே மறைவில் நடக்கவில்லை. துரையின் (தோட்ட மேலாளரின்) கையெழுத்தோடு, அலுவலகத்தில், பகலில் நடந்தது.

பேச்சும் பயணமும்

ஏமாற்று ஊரிலேயே தொடங்கிவிடும். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணி தன் ஊருக்குத் திரும்பி வந்து ஆள் சேர்த்தார். 'கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும்' என்று ஆசை காட்டியதாக மலையகக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. கங்காணி அந்நியர் அல்லர். சொந்தக்காரர், சாதிக்காரர், பக்கத்து ஊர்க்காரர். அதனால்தான் பேச்சு எடுபட்டது.

தொடக்கத்தில் தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். நானுஓயாவுக்கு இரயில் வந்தது 1885இல். தலைமன்னார்ப் பாதை 1914இல்தான் திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த அந்தத் தகரத்தைக் காட்டினால் வழிச்செலவுக்குக் கையில் காசு வேண்டியதில்லை. இலவசம்போலத் தோன்றிய அந்தச் செலவு பிறகு கணக்கில் ஏறியது. முதல் நாள் கொழுந்து பறிக்கும் முன்பே ஆள் கடன்காரராகிவிட்டார்.

துண்டு இயங்கிய விதம்

துண்டு என்பது ஒரு சிறு சீட்டு. 'இந்தக் கங்காணியின் கடன் இவ்வளவு. அதைக் கட்டினால் அவரையும் ஆள்களையும் விடுவிக்கிறேன்' என்று தோட்டத் துரை அதில் எழுதிக்கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். ஆள் தேவைப்படும் துரை பழைய கடனைக் கட்டி, மேலே புது முன்பணமும் கொடுப்பார். எடுத்துக்காட்டாக, ஐம்பது ஆள்களுக்கு 2,000 ரூபாய் துண்டு என்று வைத்துக்கொள்வோம். புதுத் துரை அந்த 2,000த்தைக் கட்டி, 500 ரூபாய் முன்பணமும் தருகிறார். கங்காணி அங்கிருந்து கிளம்பும்போது வாங்கும் துண்டு 2,500க்குக் குறையாது. ஆள்கள் உழைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் ஏறியது.

அந்த 500இல் ஆள்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது? அதைச் சொல்லும் கணக்கு கங்காணியிடம் மட்டுமே இருந்தது. கல்யாணம், சாவு, நோய் என்று கொடுத்ததும், கொடுக்காததும், வட்டியும் ஒரே ஏட்டில் இருந்தன. பல தோட்டங்களில் கடையும் தலைமைக் கங்காணியான பெரிய கங்காணியுடையதே. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆளை இழக்காமலிருப்பது அவருக்கு வருமானம். அறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் தள்ள 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுத்தது. கடன் பொய்யாக இருக்கலாம். சிறை மெய்யாகவே இருந்தது.

கங்காணியை மட்டும் குற்றவாளியாக்கும் வழக்கமான கதை பாதி உண்மைதான். அவரும் தோட்டத்துக்குக் கடன்பட்டவர். ஆளைச் சங்கிலியில்லாமல் கட்டிவைக்கக் கடன் உதவியதால்தான் துரைமாரும் கம்பெனிகளும் இந்த முறையைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார்கள். ஆளுக்காகத் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முன்பணம் கட்டுக்கடங்காமல் ஏறியபோது, அதைத் தாங்க முடியாமல் அவர்களே முறையிட்டார்கள். இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1921இல் தடை வந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தது.

தஞ்சாவூரிலிருந்து வந்த தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் போய் இந்தக் கொடுமைகளைக் கண்டு எழுதினார். 1931இல் அவர் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கங்காணியின் ஏட்டை எதிர்த்துக் கேள்வி கேட்கும் துணிவைத் தோட்டங்களுக்குள் கொண்டுசென்றது. வேடம் போட்டுத்தான் உண்மையைத் தேட வேண்டியிருந்தது என்பது அன்றைய தோட்டத்தின் நிலையைக் காட்டுகிறது.

தராசுக்கு மாறிய கணக்கு

துண்டு ஒழிந்தது, ஆனால் கணக்கு தொழிலாளி கைக்கு வரவில்லை. இன்று சச்சரவு நடக்கும் இடம், கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவம். காலை, பகல், மாலை என்று கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கழிவு போடுகிறார்கள். மழையில் நனைந்த கொழுந்து கனக்கும் என்பது உண்மை. வெயில் நாளிலும் அதே கழிவைப் போடுவதற்கு நியாயம் கிடையாது. ஒரு நிறுவைக்கு 2 கிலோ போனால் நாளுக்கு 6 கிலோ. 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) என்றால் தொழிலாளி 24 கிலோ பறித்தாக வேண்டும். குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்). கிராம் கணக்கை விட்டுவிட்டு முழுக்கிலோவை மட்டும் எழுதுகிறார்கள் என்ற குறையும் மடுவங்களில் அடிக்கடி கேட்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் அதைப் பெற்றார்கள். எந்த உயர்வும் வீடு வந்து சேருமா என்பதைத் தராசே தீர்மானிக்கிறது.

நிறுவையில் மோசடி செய்வது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி குற்றம். வஞ்சித்தல் எது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வரையறுக்கிறது. சட்டம் இருந்தும், தொழிலாளியிடம் எழுதிவைத்த சான்று இல்லாவிட்டால் வழக்கில் நிற்பது கடினம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) படிக்கிற பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கொப்பி போடுங்கள். மூன்று நிறுவையையும், போட்ட கழிவையும் அன்றன்றைக்கே எழுதி, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.