தன் பெயரை ஹிகாயத்தாக்கிய முன்ஷி

ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதிப் புத்தகமாக்கி ஊரார் கையில் கொடுப்பது இன்று எமக்கு அதிசயமான காரியமல்ல. ஓய்வுபெற்ற அதிபர்களும் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் தமது நினைவுகளை நூலாக்குகிறார்கள். வெளியீட்டு விழா நடக்கிறது, முதற்பிரதி வழங்கப்படுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது. ஆனால் எமது கடல்சார்ந்த முஸ்லிம் உலகில் 'நான்' என்று தொடங்கி ஒரு நூலை எழுதி அச்சேற்றும் துணிவு எப்போது பிறந்தது என்ற கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது, நான் வந்து சேர்ந்த இடம் 1849ஆம் ஆண்டின் சிங்கப்பூர். அந்த ஆண்டில்தான் முன்ஷி அப்துல்லா பின் அப்துல் காதிர் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லா' கல்லச்சில் வெளிவந்தது.

அப்துல்லாவை மலாய் இலக்கிய உலகம் நவீன மலாய் எழுத்தின் தந்தை என்று கொண்டாடுகிறது. தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நாம் அவரை அறிந்திருப்பது குறைவு. அறிந்தவர்களும் மலாய்க்காரர் ஒருவராகவே அறிந்திருக்கிறோம். அவருடைய நூலின் முதற் பக்கங்களைப் படிக்கும் எவருக்கும் அது போதாத அறிமுகம் என்பது உடனே விளங்கும்.

அவரது பாட்டனாரின் தந்தை யெமன் தேசத்து அறபியர். பெயர் ஷெய்க் அப்துல் காதிர். மார்க்கமும் மொழியும் கற்பித்தபடியே கிழக்கு நோக்கி வந்தவர் நாகூரில் தங்கினார். அங்கேயே திருமணம் செய்து பிள்ளைகளைப் பெற்றார். அந்தப் பிள்ளைகளுள் ஒருவரான முஹம்மது இப்றாஹீம் மலாக்கா சென்று குடியேறினார். அங்கு அவர் மணந்த பெண்ணின் பெயர் பெரி ஆச்சி. அவளது தந்தையின் பெயர் ஷெய்க் மீறா லெப்பை. இவ்விரு பெயர்களையும் நான் முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் அவற்றிலேயே நின்றுவிட்டேன். ஆச்சியும் லெப்பையும் காத்தான்குடியிலும் பேருவளையிலும் காலியிலும் எம்முடைய வீட்டுப் பெயர்கள் அல்லவா?

அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். அவர் பிறந்த கம்போங் பாலியில், பாட்டியான பெரி ஆச்சி ஓதப்பள்ளி நடத்தினாள். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அவளிடம் ஓதினார்கள் என்று பேரன் பதிவு செய்கிறார். அன்றைய பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனைகளையும் அவர் விடவில்லை. விரல்களுக்கிடையே பிரம்பை வைத்து நெரிப்பது, காலைக் கட்டித் தூக்கி உள்ளங்காலில் அடிப்பது, புகை பிடிப்பது என்று ஒவ்வொன்றாக விபரிக்கிறார். ஓதிக் கொடுத்தவர்கள் மீதான மரியாதையும் அடியின் வலியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றதை மறைக்கவில்லை.

குர்ஆன் ஓதி முடித்தபின் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவின் வசதியான குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது தலைமுறை வழக்கமாக இருந்ததென்றும், வணிகக் கணக்குக்கு அம்மொழி தேவைப்பட்டதென்றும் அப்துல்லா காரணம் சொல்கிறார். தமிழ் ஒரு துறைமுகத்தின் கணக்குமொழியாக இருந்ததற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடைப்பது அரிது. அந்தத் தமிழ் அவரிடம் வீணாகவில்லை. 1835இல், தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையுடன், பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்தே மலாயில் ஆக்கினார். கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் கற்பித்து, அவர்களிடமிருந்து ஹிந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்ற பட்டமும் அவர்கள் இட்டதுதான்.

இவ்வளவும் ஒரு மனிதனின் குடும்பக் கதை. இதை ஏன் நூலாக எழுதவேண்டும்? இங்குதான் வரலாற்றின் முக்கியமான திருப்பம் இருக்கிறது.

ஹிகாயத் என்ற அறபுச் சொல்லுக்குக் கதை என்பது பொருள். ஆனால் மலாய் மரபில் ஹிகாயத் என்றால் அரசர்கள், வீரர்கள், நபிமார் ஆகியோரின் கதை. ஹங் துவாவுக்கு ஹிகாயத் உண்டு, இஸ்கந்தருக்கு உண்டு, அமீர் ஹம்ஸாவுக்கு உண்டு. மனுக்களும் கடிதங்களும் எழுதிப் பிழைக்கும் மொழியாசிரியர் ஒருவருக்கு ஹிகாயத் இல்லை. அந்த இடத்தில் அப்துல்லா தன் சொந்தப் பெயரை வைத்தார். அரசர்களுக்குரிய பீடத்தில் அப்துல் காதிரின் மகன் அமர்ந்தார். அந்தத் தலைப்பு ஒன்றே ஒரு புரட்சி என்பது என் அபிப்பிராயம்.

இந்த எண்ணம் அவருக்குள் தனியே முளைத்ததல்ல. அல்பிரட் நோர்த் என்ற அமெரிக்க மிஷனரி, மலாய் ஏடுகளில் சாதாரண மக்களின் வாழ்வு இல்லை என்று குறைப்பட்டு, நீ கண்டதையும் கேட்டதையும் எழுது என்று தூண்டினார். 1838இல் கிளந்தானுக்குச் சென்ற பயணத்தை அப்துல்லா ஏற்கனவே எழுதி வெளியிட்டிருந்தார். 1840இல் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கி 1843இல் முடித்தார். அச்சில் வர மேலும் ஆறு ஆண்டுகள் சென்றன. அதை அச்சிட்டது பெஞ்சமின் கீஸ்பெரியின் மிஷன் அச்சகம்.

கல்லச்சு என்பதை இங்கு கவனிக்க வேண்டும். ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிடும் முறை அறபு லிபிக்கு அந்நியமாகவே இருந்தது. கல்லச்சிலோ எழுதுபவரின் கையெழுத்தே கல்லில் ஏறிக் காகிதத்தில் இறங்கும். ஜாவி லிபியில் எழுதிய மலாய்க்காரருக்கு அது கையெழுத்துப் பிரதியின் நீட்சியாகவே தெரிந்தது. எமது அறபுத் தமிழ் நூல்களும் இதே கல்லச்சு வழியாகவே பெருமளவில் வீடுகளை அடைந்தன. ஒரே தொழில்நுட்பம் இரு சமூகங்களின் எழுத்தையும் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அச்சகம் யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வேதாகமத்தை மலாயில் பெயர்க்கவும் அச்சிடவும் மிஷனரிமாருக்குத் துணைநின்ற அப்துல்லாவை, ஊரார் 'பாதிரி அப்துல்லா' என்று ஏளனம் செய்தார்கள். அவர் மார்க்கத்தை விட்டு விலகவில்லை. 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு அறபு மண்ணிலேயே மௌத்தானார். ஜித்தா வரை எழுதிய பயணக் குறிப்பு தோழர் மூலம் சிங்கப்பூர் வந்து சேர்ந்து பின்னர் அச்சாகியது. எனினும் ரஃபிள்ஸைப் பற்றி எழுதும்போது அவர் பேனா நெகிழ்ந்துவிடுகிறது. ரஃபிள்ஸ் 1810இல் மலாக்கா வந்தபோது, சிறுவயதிலேயே அவரிடம் எழுத்தராகச் சேர்ந்தவர் அப்துல்லா. மலாய் அரசர்களின் கொடுமையை எழுதும்போது இல்லாத தயவு, வெள்ளைக்காரத் துரைமாரை எழுதும்போது வந்துவிடுகிறது. பிற்கால மலாய்த் தேசியவாதிகள் அவரைக் கடிந்துகொண்டது இதனால்தான். அவர்களது கோபத்தில் நியாயம் இருக்கிறது. சுல்தான்களின் அரண்மனையில் அந்த நூலை அச்சிட ஒரு கல்லும் இருக்கவில்லை என்பதும் நியாயம்தான். சம்பளம் கொடுப்பவரும் அச்சிட்டுத் தருபவரும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது தன்வரலாறு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஹிகாயத் ஒரு பாடம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் வசமான கதையை அப்துல்லா மிக விரிவாகச் சொல்கிறார். ஆனால் அந்த முதல் நாட்களில் அவர் அங்கு இருக்கவில்லை. பிறரிடம் கேட்டதையே எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அப்பகுதியில் பல பிழைகளைக் காட்டியிருக்கிறார்கள். மாறாக, 1807இல் ஃபார்குவார் மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்ததை அவர் எழுதும்போது சிறுவன் ஒருவனின் கண்களும் காதுகளும் அங்கே இருக்கின்றன. கண்டது எது, கேட்டது எது என்பதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவருக்கே தன்வரலாறு வரலாறாகும்.

அந்நூலில் என்னை அதிகம் தொந்தரவு செய்த பகுதி வேறு. ரஃபிள்ஸ் ஊர் ஊராக மலாய் ஏடுகளைச் சேகரித்தார். எழுத்தர்கள் பிரதி எடுத்தார்கள். பலர் மூல ஏடுகளையே விற்றார்கள். அவற்றுள் பெருந்தொகையானவை 1824 பெப்ரவரியில் 'ஃபேம்' என்ற கப்பலோடு தீயில் அழிந்தன. அந்தச் செய்தியைக் கேட்டு அப்துல்லா வேதனைப்படுகிறார். பிரதியே இல்லாமல் போன நூல்களை எண்ணிக் கலங்குகிறார். பதினாறு ஆண்டுகளின் பின் அவர் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்ததற்கும் இந்தத் தீக்கும் தொடர்பு உண்டென்று அவர் சொல்லவில்லை. நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன். ஏடுகள் எரியக்கூடும் என்று அறிந்தவர்தான் பல பிரதிகளாக அச்சிடுவதன் அருமையை உணர்வார்.

இதே பாதை எமது தீவையும் தொட்டிருக்கிறது. கொழும்பில் 1869இல் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி லிபியில் வெளியிட்ட பாபா யூனுஸ் சல்தீன், 1905இல் தன் குடும்பக் கதையையும் தன் வாழ்வையும் ஷயிர் என்ற செய்யுள் வடிவில் வெளியிட்டார். மதுராத் தீவிலிருந்து வந்த பாட்டனாரிலிருந்து அக்கதை தொடங்குகிறது. இலங்கை முஸ்லிம் ஒருவர் தன்னைத் தானே எழுதி அச்சிட்டதற்கு அது ஓர் அரிய உதாரணம். தமிழில் என்ன நடந்தது? ஹிகாயத் வெளிவந்து 36 ஆண்டுகளின் பின், 1885இல், அறிஞர் சித்திலெப்பை 'அஸன்பேயுடைய சரித்திரம்' எழுதினார். பெயர் சரித்திரம், ஆனால் அது கற்பனை நாயகன் ஒருவனின் கதை. வழக்கறிஞர், பத்திராதிபர், பாடசாலைகள் நிறுவியவர் என்று அத்தனை வாழ்வு வாழ்ந்த சித்திலெப்பை, அந்தச் சரித்திரத்தில் தன்னை வைக்காமல் அஸன்பேயை வைத்தார். எமது நாவல் மரபு அங்கிருந்து பிறந்தது; அது பெரும் பேறு. தன்வரலாறு அங்கிருந்து பிறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் பணிவு என்பார்கள். தன்னைப் பற்றிப் பேசுவது பெருமையடிப்பதாகிவிடும் என்ற அச்சம் எம்மிடம் ஆழமானது. அப்துல்லாவுக்கும் அது இருந்தது. நூலின் தொடக்கத்தில் தன்னை அறிவில்லாதவன் என்று தாழ்த்திக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். ஆனால் அந்தப் பணிவை வாசலில் வைத்துவிட்டு உள்ளே சென்று எழுதினார். மகள் சித்தி லைலாவின் மரணத்தை எழுதினார். துயரத்தில் தோய்ந்த மனைவியைத் தேற்ற இதயங்களுக்கு மருந்து என்ற பொருளில் சிறு நூலொன்று எழுதிக் கொடுத்ததையும் எழுதினார். பெருமையடிப்பவன் எழுதும் பக்கங்கள் அல்ல அவை.

எமக்குப் பணிவு மட்டும் காரணமல்ல, அவசரமின்மையும் காரணம். எல்லாம் இருக்கும், பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டோம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு உறுதியும், நிக்காஹ் பதிவும், புகைப்படமும் விட்டுப்போயின. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கிழக்கிலும் தெற்கிலும் கரையோர வீடுகளைக் கொண்டு சென்றபோது அலுமாரிகளும் சென்றன. அதன்பின் எஞ்சியது மனிதர்களின் நாவில் இருப்பது மட்டும்தான். அந்த மனிதர்களுக்கும் வயதாகிறது.

தன்வரலாறு எழுத ஒருவர் பெரிய மனிதராக இருக்கவேண்டியதில்லை என்பதே 1849 எமக்குச் சொல்வது. அப்துல்லா அரசை ஆளவில்லை, போரை வெல்லவில்லை. மொழி கற்பித்தார், எழுதினார், பிள்ளைகளை வளர்த்தார், கண்டதைக் குறித்து வைத்தார். அவருடைய நூலை ஜே. டி. தொம்சன் 1874இல் பகுதியாக ஆங்கிலத்தில் பெயர்த்தார், ஏ. எச். ஹில்லின் மொழிபெயர்ப்பு 1955இல் வந்தது. இன்று மலாக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டை எழுதும் எவரும் அந்த ஆசிரியரின் வீட்டுக் கதையைத் தாண்டிச் செல்ல முடியாது.

பெரி ஆச்சி எந்த நூலும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தாள், மௌத்தானாள். அவளுடைய பெயரை இன்று நாம் உச்சரிக்க முடிவது பேரன் ஒருவன் எழுதி அச்சிட்டான் என்பதனால் மட்டுமே. எமது கரையோர ஊர்களில் திண்ணைகளில் ஓதிக் கொடுத்த ஆச்சிமாரும் உம்மம்மாமாரும் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்களை அறிந்தவர்களுள் நாம்தான் கடைசித் தலைமுறை. எழுதுவதற்கு வேறு காரணம் வேண்டுமா?