நீதிபதி நாற்காலியிலிருந்து தேர்தல் களத்துக்கு: கோகா சுப்பா ராவ்

குரங்கணியில் ஒரு நிக்காஹ் முடிந்து ஜீப்பில் போடிநாயக்கனூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். உடன் வந்த ஏலக்காய் வியாபாரியின் மகன் சட்டக் கல்லூரி மாணவர். "ஹஜ்ரத், அமெரிக்காவில் நீதிபதிகளே ஓட்டுக் கேட்கிறார்களாமே, நம் நாட்டில் அப்படி யாராவது உண்டா?" என்று கேட்டார். ஊர் வந்து சேர்வதற்குள் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஏப்ரல் 1 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரே ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் இரு தரப்புமாகச் சுமார் 10 கோடி டாலர் செலவானது. சூசன் கிராஃபோர்ட் வென்றார். நம் நாட்டில் நீதிபதி நியமிக்கப்படுகிறார். ஆனால் நாற்காலியை விட்டு இறங்கித் தேர்தலில் நின்றவர்கள் உண்டு. அவர்களில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் கோகா சுப்பா ராவ்.

1902இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து, அங்கேயே வழக்கறிஞராகி, 1948இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1954இல் குண்டூரில் தொடங்கிய ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. 1958இல் உச்ச நீதிமன்றம். 1966 ஜூன் 30 முதல் இந்தியத் தலைமை நீதிபதி.

சாதாரண மனிதனின் உரிமை என்று வந்தால் அவர் அரசின் பக்கம் சாய்ந்தவர் அல்ல. சந்தேகத்தின் பேரில் ஒருவர் வீட்டைப் போலீஸ் கண்காணித்துக்கொண்டே இருக்கலாமா என்ற கரக் சிங் வழக்கில் (1962), அந்தரங்கமும் தனிமனித சுதந்திரமே என்று அவர் எழுதியது சிறுபான்மைத் தீர்ப்பு. 55 ஆண்டுகள் கழித்து, 2017இல், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அவர் சொன்னதே சரி என்றது. 1967 பிப்ரவரி 27 அன்று கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. (1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் இது மாற்றப்பட்டது.) ஏப்ரல் 10 அன்று, பாஸ்போர்ட்டை அரசு தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்றார். ஹஜ்ஜுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பும் நம் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்.

மறுநாள், ஏப்ரல் 11, ராஜினாமா. ஓய்வுபெற மூன்று மாதமே இருந்தது. எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார். எதிரே நின்றவர் துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். இந்தத் தேர்தலில் மக்களுக்கு நேரடி ஓட்டு இல்லை. குரங்கணிக்காரர் தேர்ந்தெடுத்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும்தான் ஓட்டு. மே 6 வாக்குப்பதிவில் ஜாகிர் ஹுசைன் 4,71,244 வாக்கு மதிப்பும், சுப்பா ராவ் 3,63,971 வாக்கு மதிப்பும் பெற்றார்கள். நாட்டுக்கு முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் கிடைத்தார்.

அந்த வெற்றியில் நமக்கு மகிழ்ச்சிதான். அதற்காகச் சுப்பா ராவைக் குறைத்துப் பேச மாட்டோம். எங்களுக்கு உறுத்துவது காலம். கோலக்நாத் தீர்ப்புக்கும் ராஜினாமாவுக்கும் இடையே 43 நாள். தீர்ப்பு நேர்மையானதே என்றாலும், அதைச் சந்தேகிக்க விரும்பியவர் கையில் அவரே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டார். மத்ரஸாவில் காஜியின் ஒழுக்கங்கள் பற்றிய பாடத்தில், பதவிக்கு வருமுன் வழக்கமாக அன்பளிப்புத் தராத அந்நியரிடம் காஜி அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று ஓதியிருக்கிறோம். அன்பளிப்பு எல்லாம் லஞ்சம் என்பதால் அல்ல, பார்ப்பவர் மனதில் சந்தேகம் விழும் என்பதால். வேட்பாளர் பதவியும் ஒருவகை அன்பளிப்பே.

நம்மவர் என்பதற்காக இன்னொன்றை மறைக்கக் கூடாது. அஸ்ஸாமின் நீதிபதி பஹாருல் இஸ்லாம், முன்பு காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். 1982 டிசம்பரில் பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்தார். அடுத்த மாதமே, ஓய்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் ராஜினாமா செய்து, பார்பேட்டா மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரானார். அஸ்ஸாம் கிளர்ச்சியால் அங்கே தேர்தல் நடக்கவில்லை. அதே ஆண்டு அவரைக் காங்கிரஸ் மாநிலங்களவைக்கு அனுப்பியது. இது சுப்பா ராவின் விஷயத்தைவிடக் கனமானது என்பதே எங்கள் கருத்து.

வி.ஆர். கிருஷ்ணய்யரும் 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். ஆனால் அவர் உச்ச நீதிமன்றத்தை விட்டு வந்தது 1980இல். இடையே ஏழு ஆண்டு.

அந்த இடைவெளியை அவராக விட்டார், சட்டம் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 124ஆவது பிரிவு தடுக்கிறது. தேர்தலில் நிற்பதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கச் சொல்லவில்லை.