இடையில் நின்ற படிப்பும் இடையறாத உறுதியும்

குறிக்கோள் இல்லாத இளைஞர் எவரும் இலர். ஆசிரியராக வேண்டும், வழக்கறிஞராக வேண்டும், உயர்கல்வி கற்க வேண்டும் என்ற எண்ணம் நம் தெருக்களில் பிறந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு காலத்தில் முளைத்தே இருக்கும். பின்னர் வறுமை வரும். குடும்பப் பொறுப்பு வரும். சாதியின் பெயரால் இழிவு வரும். படிப்பு இடையில் நிற்கும். நின்ற படிப்பைக் காலப்போக்கில் நாமே மறந்துவிடுவோம். "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வோம்.

இந்த மனநிலைக்கு மறுமொழியாக நம் கண்முன் நிற்பது அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம். அவர் பெற்ற பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்கிச் சொல்கிறோம். ஆனால் அப்பட்டங்களுக்கு இடையே அவர் படிப்பு நின்றுபோன மூன்று ஆண்டுகள் உண்டு. 1917ஆம் ஆண்டு முதல் 1920ஆம் ஆண்டு வரையிலான அக்காலத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. துணிவு என்பது யாது என்பதை அறிய விரும்பும் இளைஞர், பட்டமளிப்பு நாட்களைக் காட்டிலும் அந்த மூன்று ஆண்டுகளையே ஊன்றிப் படித்தல் வேண்டும்.

கோணிப்பையும் குடிநீரும்

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் இராணுவக் குடியிருப்பு நகரில் பிறந்தார். தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். எழுத்தறிவின் அருமை உணர்ந்தவர். சதாராவில் பள்ளியில் பயின்றபோது மற்ற மாணவரோடு ஒன்றாக அமர பீமராவுக்கு இடமில்லை. தாம் அமர்வதற்கென ஒரு கோணித்துண்டை வீட்டிலிருந்து கொண்டுசென்று, மாலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் தாமே குழாயைத் திறக்கக்கூடாது. பள்ளிச் சேவகர் திறந்துவிட வேண்டும். சேவகர் வரவில்லையெனில் அன்று தண்ணீர் இல்லை.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஒரே ஓர் அறைதான் இல்லம். மகன் படிப்பதற்காகத் தந்தை பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, அவரை எழுப்பிவிட்ட பின்னரே தாம் உறங்குவார். புத்தகம் வேண்டுமென்று மகன் கேட்டு, கையில் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களிடம் கடன் கேட்பார். பணம் இல்லையெனில் மகளின் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். பீமராவின் முதல் நூல்நிலையம் இவ்வாறு அக்காள்மாரின் அணிகலன்களால் அமைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் கணக்கொன்றைக் கரும்பலகையில் போடுமாறு ஆசிரியர் பணித்தார். பீமராவ் எழுந்ததும் வகுப்பில் கூச்சல் எழுந்தது. கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். அதன் பின்னரே அவர் பலகையை நெருங்க முடிந்தது. வடமொழி பயில விரும்பியும் வாய்ப்பு மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயின்றார். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றபோது, அவர் சமூகத்தார் கூட்டம் கூட்டிப் பாராட்டினர். எழுத்தாளர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். கேளுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் திங்களுக்கு 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். 1912இல் பீமராவ் பி.ஏ. பட்டம் பெற்றார்.

கடல் கடந்த கல்வி

1913ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் தந்தை மறைந்தார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பீமராவ் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுக் காலம் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பள்ளியில் தனிக் கோணித்துண்டில் அமர்ந்தவர், அங்கே அனைவரோடும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேரறிஞரிடம் பாடம் கேட்டார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை மானிடவியல் கருத்தரங்கில் படித்தார். அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயில்வதற்காகக் கிரேஸ் இன் என்னும் நிறுவனத்திலும் சேர்ந்தார்.

இந்நிலையில்தான் இடி விழுந்தது. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் உடனே திரும்புமாறு பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. பொருளாதார ஆய்வும் சட்டப் படிப்பும் தொடக்கத்திலேயே நின்றன. அப்போது அவர் செய்த ஒரு செயலை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். வருந்திவிட்டுக் கப்பல் ஏறிவிடவில்லை அவர். 1917 அக்டோபர் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பெற்ற பின்னரே புறப்பட்டார். பேராசிரியர் எட்வின் கேனன் இதற்குத் துணை நின்றார். திரும்பி வருவதற்கான பணம் கையில் இல்லை, வழியும் தெரியவில்லை. ஆயினும் கதவை மூடாமல் வைத்துவிட்டு வந்தார்.

உலகப்போர் நடந்த காலம் அது. அவருடைய பெட்டிகளையும் நூல்களையும் ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அதற்கு இழப்பீடாகக் கிடைத்த தொகையே பரோடாவுக்குச் செல்லும் வழிச்செலவுக்கு உதவியது.

பரோடா கற்பித்த பாடம்

கொலம்பியாவின் எம்.ஏ. பட்டம் பெற்ற அதிகாரியாக, 1917 செப்டம்பரில் அவர் பரோடாவில் காலடி வைத்தார். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பூண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். அலுவலகத்தில் சேவகர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது எறிந்தனர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. பதினொன்றாம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் கையில் தடியுடன் விடுதிக்குள் ஏறிவந்து, இடத்தைத் தீட்டாக்கிவிட்டாய் என்று மிரட்டி, மாலைக்குள் வெளியேறக் கட்டளையிட்டனர். இந்து நண்பர் ஒருவரை நாடினார், கிறித்தவ நண்பர் ஒருவரை நாடினார், இருவரும் தயங்கினர். பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். கண்ணீரோடு கழிந்த அந்நாளைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே எழுதி வைத்துள்ளார்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். படித்தால் மதிப்பு வரும் என்று நம்பியே நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துத் திரும்பியவருக்குக் கிடைத்த மதிப்போ இது! வேறொருவராயின், "படித்து என்ன பயன்?" என்று சோர்ந்திருப்பார். அண்ணல் சோர்ந்திருக்கவில்லை. பிறர் கொடுக்கும் உத்தியோகம் மட்டும் மானத்தைத் தந்துவிடாது என்பதைப் பரோடா உணர்த்தியது. எவர் தயவையும் எதிர்பாராத ஒரு தொழில் வேண்டும். எவரும் மறுக்கவியலாத அறிவு வேண்டும். அவ்விரண்டும் இலண்டனில் பாதியில் நின்றன. ஆகவே இலண்டனுக்குத் திரும்புவது அவருடைய ஆசையாக மட்டும் இல்லாமல் தேவையாகவும் ஆயிற்று.

மூன்று ஆண்டுகள்

பம்பாயில் மாணவர் சிலருக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். பங்கு வணிகத்தில் ஆலோசனை கூறும் நிலையம் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வரவு நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். திங்கள் ஊதியம் 450 ரூபாய். அங்கும் ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு இருந்தது. மாணவரோ அவர் பாடத்தை விரும்பிக் கேட்டனர்.

நல்ல ஊதியம் வந்தபோதும் அவர் வாழ்க்கைமுறை மாறவில்லை. பரேலின் சிறிய இருப்பிடத்திலேயே குடும்பம் வாழ்ந்தது. துணைவியார் இரமாபாய் அம்மையார் சிக்கனத்தோடு இல்லறம் நடத்த, இலண்டன் பயணத்துக்காகப் பணம் சேர்ந்தது. இதனிடையே சமூகப் பணியையும் அவர் கைவிடவில்லை. 1920 ஜனவரி 31ஆம் நாள் 'மூக்நாயக்' இதழ் தொடங்கியது. அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் பொருளுதவி செய்தார்.

1920 மார்ச்சில் பேராசிரியர் பதவியைத் துறந்தார். சொந்தச் சேமிப்பு ஒருபுறம்; சாகு மகராஜின் உதவி ஒருபுறம்; நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய் கடன் ஒருபுறம். ஜூலையில் கப்பல் ஏறினார். நான்காண்டுக் கெடு முடிய ஓராண்டுக்குச் சற்று மேலே எஞ்சியிருந்தது.

இலண்டனில் காலை முதல் மாலை வரை பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகமே அவருக்கு வீடு. அரை வயிற்று உணவோடு இரவும் படிப்பு. 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டை 1922 அக்டோபரில் அளித்தார். ஆங்கில அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாகச் சாடிய அந்த ஏட்டைத் திருத்தித் தருமாறு தேர்வாளர் திருப்பினர். அவரோ பணம் தீர்ந்து 1923இல் தாயகம் திரும்ப வேண்டியவரானார். பம்பாயிலிருந்தே திருத்தி அனுப்பினார். தம் முடிவுகளை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வாண்டு இறுதியில் பட்டமும் கிடைத்தது, நூலும் வெளிவந்தது. அந்நூலைத் தம் தாய் தந்தையரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். கொலம்பியாவின் முனைவர் பட்டமும் ஆய்வேடு அச்சான பின்னர், 1927இல்தான் முறைப்படி வழங்கப்பட்டது. பாரிஸ்டர் தகுதியையும் பெற்றிருந்ததால், எந்த அதிகாரிக்கும் அடங்காமல் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

விலை கொடுத்தவர் யார்?

இவ்வெற்றிக்குத் தனியொருவரின் மனவலிமை மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. கணவர் கடல் கடந்து இருந்த காலமெல்லாம் வறுமையோடு போராடியவர் இரமாபாய் அம்மையார். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவரே பிழைத்தார். அம்மையார் 1935 மே 27ஆம் நாள் மறைந்தார். பாகிஸ்தான் சிக்கல் பற்றிய தம் நூலை அண்ணல் அவர் நினைவுக்கே உரிமையாக்கினார். நம் வீடுகளில் ஒரு பிள்ளை படிக்கும்போது, தாயும் தமக்கையும் மனைவியும் தம் உணவையும் உறக்கத்தையும் விட்டுக்கொடுக்கின்றனர். அவர்களுக்கும் கனவுகள் உண்டு. பெண்ணின் படிப்பை நிறுத்தி ஆணைப் படிக்கவைக்கும் வழக்கம் இனியும் நம்மிடையே நீடித்தல் தகாது.

பெற்ற கல்வியை அண்ணல் என்ன செய்தார்? 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். 1925இல் அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி அமைத்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் குளத்தில் மக்களோடு சென்று நீர் அருந்தினார். சேவகர் வராததால் தாகத்தோடு திரும்பிய சிறுவனின் வழக்கை அன்று நாடே கேட்டது. பணமின்றி விட்டுவந்த அதே இலண்டன் மாநகருக்கு 1930இல் வட்டமேசை மாநாட்டின் உறுப்பினராகச் சென்றார். செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் ஒடுக்கப்பட்டோரின் சார்பாளராக அம்மாநாட்டில் உடனிருந்தார்.

உதவித்தொகை நின்றதால் படிப்பு நின்ற கொடுமையை அனுபவித்தவர் அவர். ஆகவே, வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கு நிதி கேட்டு வாதாடினார். 1944இல் தொடங்கிய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் இன்றளவும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியும் அதன்வழித் தோன்றின.

இளைஞர்களே!

துணிவு என்பது அச்சமின்மை அன்று. பரோடாப் பூங்காவில் அமர்ந்திருந்தவருக்கு அச்சமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. நின்றுபோனதை முடிந்துபோனதாக ஏற்க மறுப்பதே துணிவு. திரும்பி வருவேன் என்று எழுதிப் பெற்றுவைத்தல், வரும் ஊதியத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குதல், உதவத் தக்கவரிடம் நாணாமல் உதவி கேட்டல், குறித்த காலத்துக்குள் திரும்பிச் செல்லுதல் ஆகிய நான்கும் அண்ணல் அந்த மூன்று ஆண்டுகளில் செய்தவை. இவற்றுள் எதுவும் நம்மால் இயலாதது அன்று.

பத்தாம் வகுப்பில் தோற்றவர் மறுதேர்வு எழுதலாம். கல்லூரியை இடையில் விட்டவர், வேலை செய்துகொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வாயிலாகப் பயிலலாம். அயல்நாட்டுக் கல்விக்கு நடுவண் அரசின் உதவித்தொகை உண்டு. அதனை விண்ணப்பித்தே பெற வேண்டும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் கடமை உண்டு. முதல் மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசளிப்பதோடு நின்றுவிடாமல், படிப்பை நிறுத்தியவர் வீட்டுக் கதவையும் நாம் சென்று தட்ட வேண்டும். ஒரு கேளுஸ்கரும், ஒரு பதேனாவும், நகையைக் கழற்றித் தந்த அக்காள்மாரும் இல்லாமல் ஓர் அம்பேத்கர் உருவாகவில்லை.

உங்கள் படிப்பு எந்த ஆண்டு, எந்த வகுப்பில் நின்றது என்பதை நினைவுகூருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.