லம்பரேனேவுக்குப் போன மாணவர்

வெளிநாட்டுக் கிராம மருத்துவமனைக்குச் சில மாதம் சேவை செய்யப் போகும் மாணவர்களால் யாருக்கு லாபம்? வணிகவியல் படிப்பதால் எனக்கு எதிலும் வரவு செலவு பார்க்கத்தான் தோன்றுகிறது. ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவில், காபோன் நாட்டின் லம்பரேனேயில், ஓகோவே ஆற்றங்கரையில் 1913-ல் மருத்துவமனை தொடங்கியவர் ஆல்பர்ட் சுவைட்சர். ஆரம்பத்தில் நோயாளிகளைப் பார்த்தது ஒரு பழைய கோழிக்கூண்டில்தான்! முதல் உலகப்போரின்போது, 1917-ல், அவரைக் கைதியாகப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1924-ல் திரும்பி வந்தபோது உதவிக்கு உடன் வந்தவர் நோயல் கில்லெஸ்பி. ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்த மாணவர், டாக்டர் இல்லை. மருத்துவமனையோ புதர் மண்டி, கூரை இற்றுக் கிடந்தது. வைத்தியத்தோடு கூரைக்கு ஓலையும் தேட வேண்டிய நிலை.

சில மாதங்களில் ஊர் திரும்பிய கில்லெஸ்பி, பின்னாளில் மயக்கவியல் மருத்துவராகி அத்துறையில் நூலும் எழுதினார். 1979-ல் சுவைட்சர் பெயரிலான ஓர் அமெரிக்க அமைப்பு, அதே மருத்துவமனைக்கு மருத்துவ மாணவர்களை அனுப்பத் தொடங்கியது.

என் கணக்கில், ஊருக்கு வரவு சில மாத உழைப்பு. மாணவருக்கு வரவு வாழ்நாள் பாடம். அப்படியானால் சேவை செய்யப் போனவர்தான் கடனாளியாகத் திரும்புகிறார். அந்தக் கடனை அவர் எங்கே, யாரிடம் அடைக்கிறார் என்பதுதான் கேள்வி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?