அத்தரை முகர்ந்து வாங்காதீர்கள், பூசிப் பார்த்து வாங்குங்கள்

பெருநாள் நெருங்கும்போதும் வீட்டில் நிக்காஹ் பேச்சு எழும்போதும் நம் குடும்பங்களில் தவறாமல் வாங்கப்படும் பொருள் அத்தர். துணிக்கும் நகைக்கும் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், அத்தரை மட்டும் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம். கடைக்காரர் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். முகர்வோம். "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு பாய்" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுவோம்.

எங்கள் வாலாஜாபாத்திலும் இதுதான் வழக்கம். சின்ன பாட்டில் என்றால் உள்ளூரில் அல்லது காஞ்சிபுரத்தில் வாங்குவோம். கல்யாணம் என்றால் சென்னைக்குப் போவோம். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் மண்ணடியிலும் உள்ள அத்தர் கடைகள் நம்மவர்களுக்குப் பழக்கமானவை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்து நிக்காஹ் ஒன்றுக்காக, வெளியூர்க் கடை ஒன்றில் 'ஒரிஜினல் ஊத்' என்று 12 மில்லி பாட்டில் வாங்கினோம். கடையில் ஏசி குளிரில் இனிப்பாக மணந்தது. கல்யாணம் கத்திரி வெயிலில். மாப்பிள்ளை கழுத்தில் பூசி ஒரு மணி நேரத்தில் அந்த இனிப்பு போய், மண்ணெண்ணெய் போல ஒரு நெடி மட்டும் மிஞ்சியது. வலீமா நேரத்தில் கழுத்தில் சிவந்த தடிப்பு. விற்றவர் மீது வருத்தம் இருந்தாலும், பாதித் தவறு எங்களுடையது. நாங்கள் அதைச் சோதிக்கவே இல்லை, ஒரு முறை முகர்ந்ததோடு சரி. அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறோம்.

மணம் ஏன் மாறுகிறது?

நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. மாலையில் கட்டிய மல்லிகைச் சரத்தின் மணம் வேறு, மறுநாள் காலை தலையிலிருந்து எடுக்கும்போது அதே சரத்தின் மணம் வேறு. அத்தரும் அப்படித்தான்.

ஒரு துளி அத்தரில் பல மணப்பொருள்கள் கலந்திருக்கின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசான மணங்கள் முதல் கால் மணி நேரத்திலேயே பெருமளவு பறந்துவிடும். ரோஜா, மல்லிகை, தாழம்பூ போன்ற பூ மணங்கள் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். சந்தனம், ஊத், கஸ்தூரி, அம்பர் போன்ற கனமான மணங்கள் கடைசி வரை தங்கும். கடையில் நாம் முகர்வது பெரும்பாலும் முதல் பகுதியை. வீட்டில் நம்மோடு வாழப்போவது கடைசிப் பகுதி.

நம் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 32 முதல் 34 டிகிரி சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடுதான் அத்தரை ஆவியாக்குகிறது. தோலின் எண்ணெய்ப்பசை மணத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போகும். வியர்வை வேறு மணத்தைச் சேர்க்கும். அண்ணனுக்கு அருமையாக மணக்கும் அத்தர் தம்பிக்குச் சுமாராக இருப்பதும், மார்கழியில் அடங்கி இருப்பது சித்திரையில் தலைவலி தருவதும் இதனால்தான்.

ஸ்பிரே வகை சென்ட்டில் ஆல்கஹால் இருப்பதால் பூசியதும் மணம் குப்பென்று எழுந்து பரவும். அத்தர் எண்ணெய், அதனால் மெதுவாக விரியும், உடலை ஒட்டியே நிற்கும். எனவே சோதிக்க அதற்கு இன்னும் கூடுதல் நேரம் தரவேண்டும்.

சோதிக்கும் முறை

1. சோதிக்கும் நாளில் வேறு சென்ட், மணமுள்ள பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். வாசனை குறைந்த சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

2. ஒரு நாளில் மூன்று அத்தருக்கு மேல் சோதிக்காதீர்கள். முதலில் காகிதத் துண்டுகளில் தொட்டு முகர்ந்து, பிடிக்காதவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருப்பதை மட்டும் தோலில் பூசுங்கள்.

3. புறங்கையும் மணிக்கட்டும் நமக்குப் பொருத்தமான இடங்கள் அல்ல. ஒளு செய்யும்போது முழங்கை வரை கழுவுகிறோம். லுஹருக்கு முன் பூசியது அஸருக்குள் போய்விடும், பிறகு "நிற்கவில்லை" என்று அத்தரைக் குறை சொல்வோம். முழங்கைக்கு மேல் கையின் உட்புறத்தில் ஒரு சிறு புள்ளி வையுங்கள். இரண்டு அத்தர் என்றால் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று.

4. தேய்க்காதீர்கள். தேய்த்தால் சூடு ஏறி முதல் மணம் சீக்கிரம் பறந்துவிடும். தொட்டு வைத்து விட்டுவிடுங்கள்.

5. ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி, ஆறு மணி, மறுநாள் காலை என ஐந்து முறை முகர்ந்து ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். 'இனிப்பு', 'புகை', 'சோப்பு', 'நெடி' என்று எழுதினால் போதும். பெருநாள் தொழுகைக்குக் காலை 7 மணிக்குப் பூசுவது, உறவினர் விருந்துக்கு வரும் பகல் 1 மணிக்கு எப்படி இருக்கும் என்பதை இந்தச் சீட்டு சொல்லிவிடும்.

6. எந்தப் பருவத்தில் பூசப்போகிறோமோ அந்தச் சூட்டில் சோதியுங்கள். ஏசி கடையிலிருந்து வெளியே வந்து வெயிலில் சற்று நடந்த பிறகு மீண்டும் முகருங்கள்.

சட்டைக் கையில் தொட்டுத் தந்தால் அது துணியின் சோதனை மட்டுமே. துணியில் உடற்சூடும் எண்ணெய்ப்பசையும் குறைவு என்பதால் மணம் நீண்ட நேரம் மாறாமல் நிற்கும். தோலில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியாது. காதுமடலில் பஞ்சு வைக்கும் நம் பெரியவர்களின் வழக்கத்துக்கும் இதுவே பொருந்தும். பஞ்சில் நிற்பது போலத் தோலில் நிற்காது.

மூக்கு ஏமாறும் இடங்கள்

ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். "அரை மணியில் போய்விட்டது" என்று நாம் நினைக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாக மணந்துகொண்டிருக்கும். அதனால்தான் சிலர் மேலும் மேலும் பூசிக்கொள்கிறார்கள். கடைகளில் நடுவில் முகரத் தரும் காப்பிக் கொட்டையால் பெரிய பலன் இல்லை. சற்று வெளியே போய் நல்ல காற்றில் நிற்பதே போதும்.

சில கஸ்தூரி மணங்களைச் சிலரால் பிறவியிலேயே முகர முடியாது. மற்ற மணங்கள் எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. இது நோய் அல்ல. எனவே நமக்காக வாங்கினாலும் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கை தூரத்தில் நின்று அவருக்கு மணம் வருகிறதா, அது இதமா, கடுமையா என்பதே சரியான கேள்வி.

பெயரும் பொருளும்

ஊத், கஸ்தூரி, சந்தனம் என்ற மூன்று பெயர்களில்தான் அதிகப் பணம் இழக்கப்படுகிறது.

ஊத் என்பது அகில் மரத்தின் உள்ளே பூஞ்சைத் தொற்றால் உருவாகும் பிசின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அஸ்ஸாமின் ஹோஜாய் பகுதி இந்த வணிகத்துக்குப் பேர்பெற்றது. அகில் மர இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. இயற்கை ஊத் எண்ணெய் பலவற்றில் முதல் சில நிமிடங்கள் மாட்டுத்தொழுவம் போன்ற கடுமை இருக்கும். அது அடங்கிய பிறகுதான் தேனும் மரமும் கலந்த இனிமை எழும். முதல் நொடியிலேயே சர்க்கரை போல இனித்து, கடைசி வரை மாறாமல் அதே மணமாக இருப்பது பெரும்பாலும் செயற்கைக் கலவையாக இருக்கும்.

கஸ்தூரி மான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. கடையில் 'வெள்ளைக் கஸ்தூரி' என்று கிடைப்பது செயற்கை. செயற்கை என்பதால் அது மட்டம் என்று பொருள் இல்லை. ஆனால் இயற்கைக் கஸ்தூரியின் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

சந்தனத்தின் மணத்தை நம் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜவ்வாது மலையும் திருப்பத்தூரும் அருகில்தான். நல்ல சந்தன எண்ணெய் தொடக்கத்தில் அமைதியாக இருக்கும். மணிக்கணக்கில் அதே பால் போன்ற மென்மையோடு நிற்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் செப்புக் கலத்தில் பூவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது மரபு. பூ மணத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சந்தனம்தான். சந்தனம் விலை ஏறியதால் இன்று பல அத்தர்களில் அதற்குப் பதிலாகத் திரவ பாரஃபின், தாலேட் வகை எண்ணெய்கள் சேர்கின்றன. ஆகவே கடையில் "இது என்ன பூ?" என்று கேட்பதோடு "இதன் அடி எண்ணெய் என்ன?" என்றும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி கலவை என்றால் கலவை என்றே சொல்வார்.

போலி புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி எழுதிய நறுமண நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உண்டு. விலை உயர்ந்த மணப்பொருள்களைப் போலவே செய்யும் முறைகளும் அவற்றில் அடங்கும்.

வீட்டுச் சோதனைகளை நம்பலாமா?

காகிதத்தில் ஒரு துளி விட்டு, எண்ணெய்க் கறை நின்றால் போலி என்பார்கள். லேசான எண்ணெய்களுக்கு இது ஓரளவு உதவும். ஆனால் சுத்தமான சந்தனமும் ஊதும் கனமானவை, அவையும் கறை வைக்கும். தண்ணீரில் விடுவதும் உறுதியான சான்று தராது. நெருப்பில் காட்டுவது ஆபத்து. பெரிய தொகைக்கு வாங்குபவர்கள் ஆய்வகப் பகுப்பாய்வைத்தான் நம்பவேண்டும். கன்னௌஜில் மத்திய அரசின் நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் இத்தகைய பரிசோதனைகளைச் செய்கிறது. மற்றவர்களுக்கு எளிய வழி, முதலில் 3 மில்லி மட்டும் வாங்கி ஒரு வாரம் பூசிப் பார்ப்பது.

தோலுக்குத் தொல்லை வராமல்

புதிய அத்தரை முழங்கையின் உட்புறத்தில் சிறு புள்ளி வைத்து இரண்டு நாள் பாருங்கள். சில ஒவ்வாமைகள் உடனே வராது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தடிப்பாகத் தெரியும். அரிப்பு, சிவப்பு வந்தால் கழுவிவிட்டு அந்த அத்தரைத் தோலில் பூசுவதை நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'இயற்கை' என்று எழுதியிருந்தாலும் ஒவ்வாமை வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களின் பெயரை லேபிளில் எழுதவேண்டும் என்று வைத்திருந்தது. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டியது. அவற்றில் பல பூக்களிலேயே இருப்பவை.

எலுமிச்சை இனத்து எண்ணெய்கள் சிலவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கருத்துப் புண்ணாகலாம். கைக்குழந்தைகளின் தோலில் அத்தர் வேண்டாம்.

காஞ்சிப் பட்டு எடுக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டில் அத்தர் பட்டால் எண்ணெய்க் கறை எளிதில் போகாது, சரிகையும் மங்கலாம். மணப்பெண்ணுக்கு முதலில் அத்தர், அது உலர்ந்த பிறகே புடவை.

எங்கே, எவ்வளவு?

நறுமணம் நபி (ஸல்) அவர்களுக்குப் பிரியமானது என்பதை நாம் அறிவோம். அவர்கள் இஹ்ராம் அணியும் முன் ஆயிஷா (ரலி) அவர்கள் நறுமணம் பூசிவிட்டதும், இஹ்ராமில் இருந்தபோது தலை வகிட்டில் அதன் பளபளப்பு தெரிந்ததும் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளன. இஹ்ராமுக்குப் பின் புதிதாகப் பூச அனுமதி இல்லை. உம்ரா செல்பவர்கள் மணமுள்ள சோப்பையும் கவனித்துத் தவிர்க்கவேண்டும். ஆண்களின் நறுமணம் மணம் வெளிப்படுவது, பெண்களின் நறுமணம் மணம் மறைந்திருப்பது என்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். எவ்வளவு தூரம் மணக்கிறது என்று சோதிக்க இதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் இதமாக இருப்பது தெருவில் எவ்வளவு பரவும் என்று பூசிப் பார்க்காமல் தெரியாது.

பள்ளியில் ஸஃப்பில் நம் தோளோடு தோள் நிற்பவருக்கு ஆஸ்துமா இருக்கலாம். ஒரு துளி போதும் என்ற அத்தருக்கு ஒரு துளிதான் பூசவேண்டும். அந்த அளவும் சோதித்தால்தான் தெரியும்.

நல்ல தோழருக்குக் கஸ்தூரி விற்பவரை நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். அவரிடம் வாங்காவிட்டாலும் நறுமணம் கிடைக்கும். நம்மைச் சோதித்துப் பார்க்க விட்டு, "நாளைக்கு வந்து சொல்லுங்க பாய்" என்று அனுப்பும் கடைக்காரர் அந்த உவமைக்கு நெருக்கமானவர். அப்படிப்பட்டவரைத் தேடி வாங்குவோம். இந்தப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கடைக்குப் போய், ஒரு புள்ளி பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை முகர்ந்து முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ்.