உடையவர் இல்லாத சபை – 4: போன் பில் கட்டுகிறவர்கள்

டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979-ல் போட்ட திட்டம், யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்களின் வலையமைப்பாக வளர்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். தலைமை அலுவலகம் கிடையாது, தலைவரும் கிடையாது. ராத்திரி போன் கட்டணம் குறைந்ததும் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டு, அன்றைய கடிதங்களைக் கொட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். வாங்கியது அடுத்ததைக் கூப்பிடும்.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அது கடந்து வந்த கம்ப்யூட்டர்களின் பெயர்கள் ஆச்சரியக்குறி போட்டுக் கோத்திருக்கும்: எம்சிவாக்ஸ்!சைஸ்மோ!... என்று. அதைப் பார்த்தாலே, எந்தக் கம்ப்யூட்டருக்கு மறுபடி அனுப்ப வேண்டாம் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் சைஸ்மோவுக்கும் ஆம்ஸ்டர்டாமின் எம்சிவாக்ஸுக்கும் நடுவே கிடந்தது அட்லாண்டிக் கடல். அதைத் தாண்டும் செலவு ஐரோப்பியர்கள் தலையில்.

எல்லோரும் முழுப் பிரதியையும் சுமக்க வேண்டுமா? 1986 பிப்ரவரியில் பிரையன் கான்டரும் ஃபில் லாப்ஸ்லியும் அதற்கு வழி சொன்னார்கள். என்என்டிபி என்ற நெறிமுறைப்படி, பிரதி ஒரு சர்வரில் இருந்தால் போதும். மற்றவர்கள் வேண்டிய கடிதத்தை மட்டும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படிக்கிறவர் பாரம் குறைந்தது. ஊர் விட்டு ஊர் சுமந்தவர்களின் பில்?

அப்படிச் சுமந்த பெரிய கம்ப்யூட்டர்களை நடத்தியவர்களுக்கு ‘முதுகெலும்பு’ என்று பெயர். ஜீன் ஸ்பாஃபோர்டு, ரிக் ஆடம்ஸ் போன்றவர்கள். அவர்களைச் ‘சதிக்கும்பல்’ என்றும் அழைத்தார்கள்; அப்படியொரு கும்பலே கிடையாது என்று கூடவே கேலியும் செய்தார்கள். யாரும் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அவர்கள் சுமக்க மறுத்த குழு பெரும்பாலான ஊர்களுக்குப் போய்ச் சேராது.

1986–87-ல் அவர்கள் பழைய குழுக்களையெல்லாம் கலைத்து ஏழு தலைப்புகளில் அடுக்கினார்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று. மதம், அரசியல் என்று சண்டை ஓயாத குழுக்கள் ‘டாக்’ என்ற தலைப்புக்குக் கீழே போயின. காசு கொடுத்து இந்தச் சண்டையை வாங்குவானேன் என்று நினைக்கிற ஊர், அந்த ஒரு தலைப்பை வெட்டிவிட்டால் போதும். ‘மாபெரும் பெயர் மாற்றம்’ என்றார்கள். எனக்கென்னவோ இது வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. தடை என்ற சொல்லே வராமல் தடுக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி உண்டா?

பிரையன் ரீடுக்குப் பொறுக்கவில்லை. அவர் நடத்திய சமையல் குறிப்புக் குழுவையும் அவர் விருப்பத்துக்கு மாறாக வேறு பெயருக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். ஜான் கில்மோருக்குப் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும், முதுகெலும்பு மறுத்துவிட்டது.

1987 மே 7. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஒரு பார்பிக்யூ கடை. ரீடு, கில்மோர், கூடவே கார்டன் மொஃபெட். மூவரின் கையிலும் தலா ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அந்த மூன்றும், முதுகெலும்பைத் தொடாமலே ஒன்றோடொன்று பேசக்கூடியவை.

(தொடரும்)